மாடி அறையில் யாரும் சாகவில்லை

ஜூன் 12, வியாழன்

எங்கள் வீடு இன்றைக்குப் பேப்பரில் வந்திருக்கிறது. பால் வாங்க வெளியே போனவளைப் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா பேப்பரும் கையுமாக மறித்துக்கொண்டார். "ஏன் சிந்தாமணி, உங்க வூட்டு ஏலத்துல எங்க வூட்டுக்காரரு பேர எதுக்குப் போட்டுருக்கான்?" என்று கேட்டார். நான்கெல்லை போட்டிருக்கிறார்கள். வடக்கே அய்யாக்கண்ணு வீடு, தெற்கே பஞ்சாயத்து ரோடு. அந்த அய்யாக்கண்ணு அக்காவுடைய வீட்டுக்காரர். அக்காவுக்குக் கோபமா பெருமையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடன்தாரர் மணிவண்ணன், ஜாமீன்தாரர் சிந்தாமணி என்று கீழே இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு எங்கள் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து அச்சில் வந்தது இதுதான்.

என் வீட்டுக்காரர் பேப்பரை வாங்கிப் பார்த்தார். மடித்து டிவி மேலே வைத்தார். சாப்பிட்டார், கை கழுவினார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் பயம். மக்காச்சோள லாரி ஒரு மணி நேரம் தாமதமானால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிற மனுசன். ஆறு மாசமாக அந்தக் குரலைக் காணோம்.

இந்த டைரியே மில்காரர் கொடுத்ததுதான். தை பிறந்தால் ஸ்வீட் பாக்ஸோடு வரும். நாங்கள் அனுப்பிய சோளத்தைக் கோழித்தீவனமாக்கி விற்றுவிட்டு, பணம் தராமல் மில்லைப் பூட்டிக்கொண்டு ஓடிய ஆள். எங்களிடம் சோளம் போட்ட விவசாயிகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று இவர் என் நகையை விற்றார், கைமாற்று வாங்கினார், வீட்டைப் பைனான்ஸ் கம்பெனிக்கு அடமானம் எழுதிக் கொடுத்தார். பாதிப் பேருக்குக் கொடுத்து முடித்தார். மீதிப் பேருக்கு முடியவில்லை. அந்த ஓடிப்போனவன் கொடுத்த டைரியில் இதையெல்லாம் எழுதுகிறேன். தாள் என்னவோ நல்ல தாள்.

ஜூன் 13, வெள்ளி

வக்கீலைப் பார்த்தோம். கடனைக் கட்ட வழியில்லை என்று மஞ்ச நோட்டீஸ் கொடுத்தால் எல்லாம் நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தோம். நாங்கள் மட்டுமா? ஊரே அப்படித்தான் சொன்னது. போன கார்த்திகையில் கோர்ட்டில் போட்டதிலிருந்து வட்டிக்காரர்கள் வாசலில் வந்து உட்காருவது நின்றது. அப்பாடா என்று இருந்தோம்.

"அது கைமாத்துக்கும் புரோநோட்டுக்கும்தாம்மா. வூட்ட எழுதிக் குடுத்துட்டீங்கல்ல? அவனுக்கு மஞ்ச நோட்டீஸ் ஒண்ணும் பண்ணாது. அவன் பாட்டுக்கு ஏலம் போட்டு எடுத்துக்குவான்."

"அத முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?"

"நீங்க கேக்கலியேம்மா."

ஏலம் ஜூலை 24. கம்ப்யூட்டரிலேயே நடக்குமாம். வருகிறவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்ட வேண்டுமாம், நாமே. இதைக் கேட்டுக்கொண்டு இவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், யாருடைய வீட்டையோ பற்றிப் பேசுகிற மாதிரி.

ஜூன் 20, வெள்ளி

திருச்சியிலிருந்து லாவண்யா போன் செய்தாள். "அப்பா ஏம்மா பேசவே மாட்டேங்கறாரு?" தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். நர்சிங் படிக்கிறவளிடம் போய் இந்தப் பொய். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னாள்.

ஜூன் 24, செவ்வாய்

"இன்சூரன்ஸ் பத்திரம் எங்க இருக்கு?" என்று இவர் கேட்டார்.

எதுக்கு என்றேன். சும்மாதான் என்றார்.

சும்மா யாராவது அதைக் கேட்பார்களா? பீரோவிலிருந்து எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். அவசரத்தில் அரிசி பாதி கீழே. பெருக்கி அள்ளும்போதுதான் அழுதேன். எனக்குப் பயமா இருக்கு. வீடு போனா போவட்டும்னு சொல்லத் தோணுது. ஆனா வீடு போனா இந்த மனுசன் இருப்பாரா? வீட்ட எப்படியாவது நிறுத்திட்டா இவரும் நிப்பாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்தேன். சரியா தப்பா தெரியவில்லை.

ஜெயங்கொண்டத்திலிருந்து காரில் வந்தார்கள், முந்திரி வியாபாரியும் அவர் மச்சானும். இவர் கதவைத் திறந்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றுகொண்டார். நான்தான் காட்டினேன். குழாயைத் திறந்து பார்த்தார்கள். சுவரை மாட்டைத் தட்டிப் பார்க்கிற மாதிரி தட்டினார்கள். "பூச்சு வேலை சுமார்தான்" என்றார் மச்சான். சுமாரா? ஒவ்வொரு நாளும் சாயங்காலம் நான் தண்ணீர் ஊற்றி நனைத்த சுவர் அது.

மாடியில் ஒரே ஓர் அறை. லாவண்யா படிப்பதற்காகக் கட்டியது. வியாபாரி உள்ளே நின்று காற்றை இழுத்துவிட்டு, "இத நம்ம பையனுக்குக் குடுத்துரலாம்" என்றார். எனக்கு என்ன ஆயிற்றோ. குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "பையனுக்குன்னா யோசிச்சுக்குங்க. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராதீங்க. வூடு கட்டறப்ப இந்த ரூம்லதான் ஒருத்தரு தூக்கு மாட்டிக்கிட்டாரு. கொத்து வேலைக்கு வந்தவரு."

சொல்லி முடிக்கும்போது சுவரில் பல்லி கத்தியது. அவர்களும் கேட்டார்கள், நானும் கேட்டேன். இரண்டு பேரும் விறுவிறுவென்று இறங்கிப் போய்க் காரில் ஏறினார்கள்.

கார் திரும்பியதும் சிரிப்பு வந்தது. அடுப்படிக்குப் போனதும் சிரிப்பு போய்விட்டது. பல்லி ஏன் அப்போது கத்தியது?

ஜூன் 30, திங்கள்

பஸ் ஏறிச் சிறுவாச்சூர் போனேன். கூட்டம். காளியம்மன் முன்னால் நின்று, ஆத்தா, நான் வாய்தவறிச் சொன்னதை நீ காதில் வாங்காதே, அது வியாபாரத்துக்குச் சொன்னது என்றேன். பக்கத்தில் நின்றவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். திரும்பி வரும்போதும் மனசு ஆறவில்லை. இருக்கிற வீட்டுக்குள் ஒரு சாவை நானே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

நான் சொன்னது ஒரு வாரத்தில் என்னிடமே வந்து சேர்ந்தது. அம்மாக்கண்ணு அக்கா மூச்சிரைக்க வந்தார். "ஏண்டி, உங்க மாடில கொத்தனாரு ஒருத்தரு தூக்குல தொங்குனாராமே? பக்கத்து வூட்டுல இருக்கேன், எனக்கே சொல்லல பாத்தியா!" அவர் கண் முன்னால் கட்டிய வீடு. எந்தக் கொத்தனார் என்று கூட அவருக்குத் தோன்றவில்லை. "அதான் எங்க ஆட்டுக்குட்டி அந்தப் பக்கம் வர மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 9, புதன்

காலையில் மாடி அறைக்குத் துணி எடுக்கப் போனேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். நானே சொன்ன பொய், எனக்கே கால் கூசுகிறது. மேலே நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

பிறகு ஒரு வேலை செய்தேன். ஷெட்டில் சுருட்டிக் கிடந்த லாரிக் கயிற்றைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். வயலுக்கு வாங்கி வைத்திருந்த மருந்து பாட்டில்களைக் குழி தோண்டிப் புதைத்தேன். கொடிக்கயிற்றையும் அவிழ்த்துவிட்டேன். மாடி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். இப்போது துணியெல்லாம் காம்பவுண்டு சுவரில் காய்கிறது.

"கொடி எங்க?" என்றார்.

"இத்துப் போச்சு."

என் இடுப்பிலிருந்த சாவியைப் பார்த்தார். புரிந்துவிட்டதா?

ஜூலை 15, செவ்வாய்

துறையூர்க்காரர் ஒருவர் வந்து கேட்டுக்கு வெளியிலிருந்தே மாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. நான் நினைத்தது நடக்கிறது. பிறகு ஏன் ராத்திரியெல்லாம் இவர் மூச்சுவிடுகிறாரா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன்?

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. ஏலம் கேட்க ஒருத்தர் கூட இல்லை! ஆடியில் எந்தப் பைத்தியக்காரன் வீடு வாங்குவான்? அதுவும் பேய் வீடு. அந்தக் கம்பெனியில் பஞ்சாங்கம் பார்க்கிற ஆள் ஒருத்தன் கூட இல்லை போலிருக்கிறது. அரியலூரிலிருந்து தம்பி குழந்தைவேல் போன் பண்ணி, "அக்கா, தப்பிச்சோம்க்கா" என்று கத்தினான். பாயசம் வைத்தேன்.

சாயங்காலம் வக்கீலிடம் பேசிவிட்டு வந்து இவர் சொன்னார், மாதக்கணக்கில் அவர் பேசிய நீளமான பேச்சு இதுதான்: "அடுத்த ஏலத்துல வெலையக் கொறச்சுப் போடுவானாம். எவ்வளவு கொறைஞ்சு போவுதோ, அந்த மிச்சம் நம்ம தலையிலதான் நிக்குமாம். வூடும் போயிரும், கடனும் இருக்கும்."

பாயசத்தை எடுத்துக் கீழே வைத்தேன். அப்படியென்றால் நான் விரட்டிய ஒவ்வொரு ஆளும் இவர் கழுத்தில் ஒரு சுமையைக் கூடுதலாக ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான். அதை ஏற்றியது நான். அந்த வக்கீலிடம் இதையும் நான் கேட்கவில்லையே. எனக்கென்ன தெரியும்? ஆள் வராம இருந்தா போதும்னு நெனச்சேன். பாவி நான்.

ஜூலை 31, வியாழன்

ரேஷன் கடை வரிசையில் கேட்டது. இப்போது அது கொத்தனார் இல்லையாம். வாடகைக்கு இருந்தவராம். எங்கள் வீட்டில் யாரும் வாடகைக்கு இருந்ததே இல்லை. அந்தச் சாவு ஒவ்வொரு படியாக ஏறி எங்கே வருகிறது என்று எனக்குத் தெரிகிறது. வாயைத் திறந்து மறுக்கவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் போனவர் வரவில்லை. செல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மறந்துவிட்டாரா, வைத்துவிட்டா —

அம்மாக்கண்ணு அக்கா பஸ் ஸ்டாண்டில் பார்த்தாராம், வெள்ளைச் சட்டை போட்டிருந்தாராம். எங்கே போகிறீர்கள் என்றதற்கு, கோயிலுக்கு என்றாராம். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இன்னொரு கோயில் ஏது, சிறுவாச்சூர்தான். வியாழக்கிழமையிலா? திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள் என்று சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியுமே.

அரிசி டிரம்மைப் பார்த்தேன். பத்திரம் இருக்கிறது. இருந்தால் நல்லதா கெட்டதா?

குழந்தைவேல் பைக்கில் தேடக் கிளம்பிவிட்டான். ஆத்தா, நான் சொன்ன வார்த்தைதானே, என்னைய எடுத்துக்க. அவர விட்டுரு. வூடு வேணாம். ஒண்ணும் வேணாம். கேட் சத்தம் கேட்டா ஓடுறேன், ஆடுதான்.

விளக்கு வைக்கிற நேரம் ஆச்சு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வந்துவிட்டார். நேற்று விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில். நடந்து வருகிற சத்தத்திலேயே தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அவர் சொன்னதை மறந்துவிடாமல் எழுதி வைக்கிறேன்.

"ரெண்டு நாளா ஒரு முடிவோடதான் இருந்தேன் சிந்தாமணி. ஆத்தாள ஒரு தடவ பாத்துட்டுப் போவோம்னு போனேன். கோயிலு பூட்டியிருக்கு. அப்பறந்தான் வியாழக்கெழமைன்னு நெனப்பு வருது. எனக்கே நாளு மறந்து போச்சு பாரு. செரின்னு ரோட்டோரம் டீக்கடையில உக்காந்தேன்."

அங்கே இரண்டு லாரிக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்களாம். பெரம்பலூரில் சோள வியாபாரி மணிவண்ணன் என்று ஒருத்தர், மஞ்ச நோட்டீஸ் கொடுத்துவிட்டு மாடியில் தூக்கு மாட்டிக்கொண்டார், அதனால்தான் அந்த வீட்டை யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்று. டீ மாஸ்டர், "அடப்பாவமே, நல்ல மனுசனாச்சே" என்றாராம்.

"அவ்வளவுதான் சிந்தாமணி. டீ ஆறல, அதுக்குள்ள என் கத முடிஞ்சு போச்சு. இந்த வருசம் சோளம் என்ன வெலைக்குப் போவும்னு பேச ஆரம்பிச்சுட்டானுவோ. தப்பு தப்பா வெல சொல்றானுவோ. நாந்தான் சரியான வெலையச் சொன்னேன். அண்ணன் வியாபாரியான்னு கேட்டான்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மாதிரி வந்தது.

"அப்பறம் ஒருத்தன் சொல்றான், அந்தாளோட பொண்ணு திருச்சியில படிச்சுதாம், படிப்ப நிறுத்தி ஜவுளிக்கடைக்கு வேலைக்கு அனுப்பிட்டாங்களாம்னு. எனக்கு எங்கருந்து வந்துச்சோ. எவண்டா சொன்னதுன்னு எந்திரிச்சேன். எம்பொண்ணு படிச்சுக்கிட்டுத்தான்டா இருக்கா, படிப்பா, எவண்டா நிறுத்துவான்னு கத்துனேன். கடையே எந்திரிச்சு நின்னுருச்சு. கிளாஸ் ஒண்ணு ஒடைஞ்சுது. காசு குடுத்துட்டு வந்துட்டேன். அங்கருந்து நடந்தே வந்தேன்."

வழியெல்லாம் யாரோ செத்தவனைப் பற்றி நினைக்கிற மாதிரி தன்னைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தாராம். தான் போனால் கடன்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், ஊர் ஒரு வருசம் பேசும் என்று நினைத்திருந்தாராம்.

"எவன் கெளப்பிவுட்டான்னு தெரியல" என்றார்.

"நாந்தான்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயங்கொண்டத்துக்காரர், கொத்தனார், பல்லி, கயிறு, மருந்து, அரிசி டிரம். அவர் எழுந்து நின்றார். பிறகு கத்தினார். "ஏண்டி, கூறு இருக்கா உனக்கு? எவனோ ஒருத்தனச் சாவடிச்சு, அது கடைசில என்னையக் கொண்டாந்து தொங்கவுட்டுருச்சேடி!" அம்மாக்கண்ணு அக்கா வீட்டில் விளக்குப் போட்டார்கள். கத்தட்டும். தெருவே கேட்கட்டும். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன், அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிறது.

இன்று வெள்ளிக்கிழமை. இரண்டு பேரும் சேர்ந்து சிறுவாச்சூர் போய்விட்டு வந்தோம். பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வீடு போய்விட்டது. ஒரே ஒருத்தர்தான் கேட்டாராம். உடையார்பாளையம் பக்கம், வேல்முருகன் என்று பெயர், சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நான் அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விலை இல்லை. மிச்சக் கடன் நிற்கும். அதையும் மஞ்ச நோட்டீஸில் சேர்த்து எழுதலாம் என்கிறார் வக்கீல். இந்தத் தடவை நான் எல்லாவற்றையும் கேட்டேன். ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான் விடவில்லை.

லாவண்யாவிடம் சொல்லிவிட்டோம். இவர்தான் பேசினார். அவள் அழுதாள் போலிருக்கிறது. "படிப்ப மட்டும் பாரு, மத்ததுக்கு நான் இருக்கேன்" என்று சொன்னார். 'நான் இருக்கேன்' என்பதை அவர் இரண்டு முறை சொன்னதை நான் கவனித்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

குழந்தைவேல் அரியலூரில் வீடு பார்த்திருக்கிறான். இரண்டே அறை, சிமெண்டுத் தூசி வரும். இவருக்கு ஒரு எடைமேடையில் வேலை. லாரி எடை போட்டுச் சீட்டு எழுத வேண்டும். "நம்ம சோளம் ஏறுன தராசுதான்" என்றார். போவாரா? போவார்.

அக்டோபர் 12, ஞாயிறு

புரட்டாசியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். நாங்கள் மாறினோம். ஐப்பசி பிறந்ததும் வீடு வாங்கியவர்கள் பால் காய்ச்ச வேண்டுமாம்.

வேல்முருகனும் அவர் மனைவி வெற்றிச்செல்வியும் சாவி வாங்க வந்தார்கள். அந்தப் பெண் மாடிப்படி அடியிலேயே நின்றுவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, வாங்கியாச்சு, இனிமே மறைக்க வேண்டாம். எந்த எடம்னு மட்டும் சொல்லுங்க. அங்க ஒரு வெளக்கு ஏத்தி வெச்சுர்றேன். எனக்குச் சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க."

அந்தக் கை ஜில்லென்று இருந்தது. என் கை எத்தனை மாசம் அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாதா?

"யாரும் சாவலம்மா. யாரும் வாங்கக் கூடாதுன்னு நான் சொன்ன பொய்யி" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். அப்போது இவர் கடைசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். "அந்த ஆளு நாந்தாங்க. நல்லாப் பாத்துக்குங்க, கால் தரையிலதான் இருக்கு" என்றார்.

வெற்றிச்செல்வி ஒரு அடி பின்னால் போனாள். பிறகு சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வேல்முருகன்தான், நல்ல மனுசன், யோசிக்காமல் சொல்லிவிட்டார்: "நீங்க அப்படிச் சொல்லலன்னா இந்த வெலைக்கு எனக்குக் கெடச்சிருக்காதுங்க." சுருக்கென்றது. உண்மைதானே, என்ன சொல்ல?

மாடிச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். செருகியிருந்த இடத்தில் தடம் இருக்கிறது. அம்மாக்கண்ணு அக்கா வாசல் வரை வந்து அழுதார். வண்டி ரோடு திரும்பியபோது நான் வீட்டைப் பார்க்கவில்லை, முன்னால் உட்கார்ந்திருந்த இவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 15, புதன்

அரியலூர். துணி காயப்போட இடமில்லை, ஜன்னல் கம்பியில் போட்டால் தூசி. வேலை முடிந்து வரும்போது கொடிக்குக் கயிறு வாங்கி வரச் சொன்னேன். போனில் லாரி ஒன்று எடைமேடையில் ஏறுகிற சத்தம் கேட்டது. பிறகு, "எவ்வளவு நீளம் வேணும்?" என்றார்.

புதுக் கயிறு, பச்சை நிறம். ஸ்டூல் போட்டு ஏறி அவரேதான் கட்டினார். நான் உள்ளே போய்க் குழம்பைக் கிளறினேன். எட்டிப் பார்க்கவில்லை.